தொட்டித் தக்காளிக்கு வாழைப்பழத் தோல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளி விலை ஏறும்போதெல்லாம் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரக் குடியிருப்புத் தாமான்களில் வாசலோரம் செடி நடும் கறுப்புப் பாலிபேக்குகள் வரிசை கட்டிவிடும். கூடவே வாட்ஸ்அப்பில் உரக் குறிப்புகளும் வலம் வரும்: வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய நீர். இவற்றால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இவற்றையே நம்பி நட்டவர்கள் மூன்றாம் மாதம் வெளிறிப்போன செடியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்குத் தக்காளி ஒத்து வராது" என்று பையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். குறை ஊரில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இந்தக் கடிதம்.

ஒரு கிலோ தக்காளிப் பழத்தில் ஏறத்தாழ 2.4 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு செடி இரண்டு கிலோ காய்த்தால் பழத்தோடு மட்டும் 5 கிராம் வெளியேறும். தண்டுக்கும் இலைக்கும் சேர்த்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சராசரி வாழைப்பழத் தோல் ஒன்றில் இருப்பதோ சுமார் கால் கிராம். அதாவது ஒரே ஒரு செடிக்கு 40 தோல் வேண்டும், அதிலுள்ள சத்து முழுவதும் வேருக்குப் போய்ச் சேர்ந்தால்! இரண்டு தோலை ஒரு பாட்டிலில் ஊறவைத்து நான்கு பைகளுக்குப் பங்கு போட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பச்சைத் தோலை அப்படியே பையில் புதைத்தாலோ பழ ஈயும் மண்ணுக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு கறுப்பு ஈயும்தான் மிச்சம்.

தழைச்சத்தைப் பொறுத்தவரை செடி ஒன்றுக்குப் பருவம் முழுவதும் 6 முதல் 8 கிராம் நைட்ரஜன் போதும். இதைக் கொடுப்பது எளிது. கோழி எரு, ஆட்டு எரு, புண்ணாக்கு என்று எதுவும் கொடுக்கும். தொட்டியில் இயற்கை உரம் போடுபவர்களுக்கு உண்மையில் பற்றாக்குறையாவது பொட்டாசியம்தான். கடையில் கிடைக்கும் இயற்கை உரங்களில் பெரும்பாலானவை தழைச்சத்தைத்தான் அள்ளித் தருகின்றன. அதனால்தான் செடி ஆளுயரத்துக்குக் கரும்பச்சையாக வளர்கிறது, காய் மட்டும் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடுகிறது.

தோட்டப்புற ஊர்களில் இருக்கும் நமக்கு இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கும் பொருள் பக்கத்திலேயே கிடக்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழத்தைப் பிரித்தெடுத்த பிறகு வெளியே வரும் வெற்றுக் குலையைத்தான் சொல்கிறேன். உலர்ந்த எடையில் 2 முதல் 2.5 சதவீதம் வரை பொட்டாசியம் உள்ள பொருள் அது. நன்றாக மக்கிய வெற்றுக் குலை எருவைப் பையில் கால் பங்கு கலந்தாலே செடிக்கு வேண்டிய பொட்டாசியம் கணக்குக்கு வந்துவிடும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் இருந்தால் ஒரு சாக்கு கேட்டு வாங்குவது பெரிய காரியமில்லை.

ஆனால் மக்காத குலை நாரைத் தொட்டியில் போடவே கூடாது. அதில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 50 பங்குக்கு மேல். அந்த நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனைத் தொட்டி மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட பத்தாம் நாள் செடி வெளிறுவது இதனால்தான். மரத்தூளும் காய்ந்த இலைச் சருகும் செய்வது இதே வேலைதான்.

வீட்டில் மக்க வைப்பதென்றால், நாராகப் பிய்த்த குலை மூன்று பங்கு, கோழி எரு ஒரு பங்கு என்று அளந்து குவித்து, பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருமளவுக்கு ஈரம் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். 10 முதல் 12 வாரம் ஆகும். குவியலுக்கு மேல் கண்டிப்பாகத் தார்ப்பாய் வேண்டும். குலையிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் எளிதாகக் கரையக்கூடியது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கொட்டும் மழையில் திறந்து கிடந்தால் சத்து சாக்கடைக்குப் போய்விடும், நமக்குச் சக்கைதான் மிஞ்சும். (குவியலில் காளான் முளைத்தால் அடையாளம் தெரிந்தவர்கள் பறித்துச் சமைத்துக்கொள்ளலாம். அது தனி லாபம்.)

எரு மக்கிவிட்டதா என்று பார்க்க மூன்று சோதனை. ஒரு நாரை எடுத்து இழுத்தால் பட்டென்று அறுபட வேண்டும், ரப்பர் கயிறு மாதிரி நீளக்கூடாது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது, மூத்திர நெடி அடிக்கக்கூடாது. கடைசியாக, ஈரப்படுத்திய எருவில் பத்துப் பச்சைப்பயறைத் தூவி வையுங்கள். நான்கு நாளில் குறைந்தது எட்டுப் பயறு முளைத்து வேர் வெள்ளையாக இறங்கினால் எரு தயார். முளை பழுப்பாகிச் சுருண்டால் இன்னும் மூன்று வாரம் போகட்டும்.

எருவைப் பையில் நிரப்புமுன் சலித்துவிடுவது முக்கியம். கட்டைவிரல் தடிமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகப் பிறை போல் வளைந்து கிடக்கும் புழுக்கள் அகப்படும். அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். மக்கும் செம்பனைக் குவியல்தான் அவற்றுக்குப் பிறந்த வீடு. பையில் இருந்தால் எருவைத் தின்று தீர்த்துவிடும். பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடலாம்.

குலை எரு கிடைக்காதவர்களுக்குச் சாம்பல் உண்டு. முன்பெல்லாம் ஆலைகளில் வெற்றுக் குலையை எரித்துக் கிடைத்த குலைச் சாம்பலில் பொட்டாஷ் (உரக் கணக்கில் பொட்டாசியத்தைக் குறிக்கும் அளவு) 30 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். இப்போது அப்படி எரிப்பது அருகிவிட்டது, கிடைத்தால் பொக்கிஷம். ஆனால் கடும் காரம், புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு அதற்கு 12 வரை போகும். வெறுங்கையால் தொடக்கூடாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டிவிடும் என்பதால் மூடி போட்ட டின்னில் வைக்க வேண்டும். 10 கிராமை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தண்டில் படாமல் பையின் ஓரமாக ஊற்றலாம். காய் மிளகு அளவு வந்ததும் ஒருமுறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக இன்னும் இரண்டு முறை, அவ்வளவுதான். சாதாரண விறகுச் சாம்பலில் பொட்டாஷ் 5 சதவீதம் தேறினால் அதிகம், ஒரு தடவைக்கு 30 கிராம் வரை போகலாம். ஆலைக் கொதிகலன் சாம்பல் நாரும் ஓடும் எரிந்து வருவது. அது குலைச் சாம்பல் அல்ல, அந்த வீரியம் அதற்கு இல்லை. குப்பை எரித்த சாம்பல், சாயமடித்த பலகைச் சாம்பல் எதுவும் வேண்டாம். எந்தச் சாம்பலையும் கோழி எரு போட்ட அதே நாளில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் அமோனியா வாயு கிளம்பி, காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன் காற்றோடு போகும். இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

இனி பையை நிரப்பும் அளவு. 16க்கு 16 அங்குலப் பாலிபேக்கில் நிரப்பினால் 15 லிட்டர் பிடிக்கும். செரி தக்காளிக்கு இதற்குக் குறைந்த அளவு ஆகாது. உயரமாகக் கொடி ஓடும் இரகத்துக்குப் பழைய 20 லிட்டர் சாய வாளி நல்லது, அடியில் ஆறு துளை போட்டு, நன்றாகக் கழுவி. சமையல் எண்ணெய்த் தகரம் வேண்டாம், வெயிலில் வேர் வெந்துவிடும். 15 லிட்டருக்கு: அலசிய தேங்காய் நார்த்தூள் 6 லிட்டர், மக்கிய குலை எரு 4 லிட்டர், உமிக்கரி 3 லிட்டர், மண்புழு உரம் ஒன்றரை லிட்டர். அதோடு பதப்படுத்திய கோழி எரு உருண்டை 60 கிராம், எலும்புத்தூள் 30 கிராம், டோலோமைட் சுண்ணாம்பு 30 கிராம். பிறகு சாம்பல் போடுவதாக இருந்தால் டோலோமைட் 20 கிராம் போதும். எல்லாவற்றையும் புரட்டி, ஈரப்படுத்தி, நிழலில் இரண்டு வாரம் வைத்த பிறகே நாற்று நட வேண்டும். கைப்பிடி அளவை நம்பாதீர்கள், ஒருவர் கைப்பிடி 30 கிராம், இன்னொருவர் கைப்பிடி 60. சமையலறைத் தராசை வெளியே எடுத்து வாருங்கள்.

நார்த்தூளை மூன்று தண்ணீரில் அலசச் சொல்வது ஏனென்றால் அதில் உப்பு இருக்கிறது. அதோடு நார்த்தூளுக்கு ஒரு குணம், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். டோலோமைட் அதற்குத் தீனி. டோலோமைட்டை விட்டுவிட்டவர்களுக்குத்தான் முதல் கொத்துக் காயிலேயே அடி கறுக்கிறது. மண்புழு உரம் நல்லதுதானே என்று பாதிப் பை நிரப்புவதும் தவறு. 10, 15 சதவீதத்தில் கிடைக்கும் பலன் 40 சதவீதத்தில் கிடைக்காது, தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டும்.

கோழி எரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பண்ணையிலிருந்து சாக்கில் வரும் பச்சை எரு தொட்டிக்கு ஆகவே ஆகாது. தரையில் போட்டால் மண் தாங்கிக்கொள்ளும், 15 லிட்டரில் அமோனியாவும் உப்பும் போக இடமில்லை. இலை ஓரம் கருகி, மூன்றாம் நாள் செடி சாயும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வேறு. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மண்ணைத் தொடாமல் விளையும் காய்க்கும்கூடப் பச்சை எரு போட்டு 90 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். மண்ணைத் தொடும் காய்க்கு 120 நாள். தக்காளியோ நட்ட 60, 70 நாளில் கைக்கு வந்துவிடும். ஆகவே சூட்டில் பதப்படுத்தி உருண்டையாக விற்பதை வாங்குங்கள். ஏறத்தாழ 3 சதவீதம் நைட்ரஜன் இருக்கும். நட்ட நான்காம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 கிராம், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, மேல்மண்ணைக் கிளறி மூடிவிட வேண்டும்.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை" என்று போட்டிருக்கும். அது அங்கே சரி. இங்கே 32 டிகிரி வெயிலில் உருண்டை சீக்கிரம் கரைந்து முடிந்துவிடும், மழை மிச்சத்தைக் கழுவும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதுதான் இந்த மண்ணுக்கு முறை.

ஆட்டு எருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இது தோட்டப்புறத்துக்கே உரியது. செம்பனைக்கு அடியில் மேயும் ஆடு மாடுகள் தின்னும் புல்லில் களைக்கொல்லி பட்டிருக்கலாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. ஆனால் தக்காளிக்கு எதிரி 2,4-டி, டிரைக்ளோபைர் போன்ற வளர்ச்சி ஊக்கி வகைக் களைக்கொல்லிகள். நுனி இலைகள் பெரணி போல் குறுகி, நரம்பு இழுத்துச் சுருண்டால் அதுதான் அறிகுறி. பலர் இதை வைரஸ் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். புது எரு வந்ததும் மூன்று பிளாஸ்டிக் கோப்பையில் எருவும் நார்த்தூளும் சமமாகக் கலந்து பயற்றங்காய் விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் மூன்றாம் இலை நேராக விரிந்தால் நிம்மதி. கிண்ணம் போல் மடிந்தால் அந்தச் சாக்கை வாழைக்கோ தென்னைக்கோ கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்து ஸ்டோரில் பழகியவர்கள் கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தைக் கொண்டுவந்து தொட்டியில் போடுவதுண்டு. இயற்கைப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் செம்பனைக்கு அது வேலை செய்வது தோட்டத்து மண் புளிப்பாக இருப்பதால். டோலோமைட் கலந்து பிஎச் 6க்கு மேல் இருக்கும் தொட்டியில் அது நாலு மாதத்தில் கரையாது. தொட்டிக்கு எலும்புத்தூளே மேல், அதுவும் பிஎச் 7ஐத் தாண்டினால் சும்மா கிடக்கும். மாறாகத் தோட்டத்துக் கீசரைட் (மெக்னீசியம் சல்பேட் உரம்) கைகொடுக்கும். கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் விழுந்தால் மெக்னீசியக் குறை, 5 கிராம் தூவித் தண்ணீர் ஊற்றினால் போதும். விழுந்த மஞ்சள் மாறாது, புது இலைக்கு ஏறாமல் நிற்கும்.

முட்டை ஓட்டையும் விட்டுவைக்க மனமில்லை. நொறுக்கிப் போட்ட ஓடு ஆறு மாதம் கழித்துத் தோண்டினாலும் அப்படியே சிரிக்கும். மாவாக அரைத்தால்தான் கொஞ்சமாவது கரையும். காய் அடி கறுப்பதற்கு அவசர மருந்தாக அதைப் போடுவது வீண். பூ இருந்த முனையில் முதலில் வெந்நீர் பட்டது போல் ஒரு புள்ளி, பிறகு தோல் போல் தடித்துக் கறுத்து உள்வாங்கும். கால்சியம் காய் முனைக்குப் போய்ச் சேராததால் வருவது அது. பெரும்பாலும் பையில் கால்சியம் இருக்கும், அதைச் சுமந்து போகத் தண்ணீர் சீராக இருக்காது. காலையில் நிரம்ப ஊற்றி, மாலையில் காயவிட்டு, மறுநாள் மழையில் நனையவிட்டால் கறுக்காமல் என்ன செய்யும்? காய்க்கும் செடிக்கு வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், காலை மாலை பிரித்து ஊற்றுங்கள். கோழி எருவைக் கூடுதலாகப் போட்டாலும் இதே நோய் வரும், அமோனியா கால்சியத்துக்கு வழிவிடாது. பொட்டாஷ் அளவுக்கு மீறினாலும் அப்படித்தான். ஆகவே கறுத்த காயைப் பார்த்ததும் உரத்தைக் கூட்டாதீர்கள், இரண்டு வாரம் நிறுத்துங்கள்.

திரவ உரம் பிடித்தவர்களுக்கு மீன் அமிலம் போதும். மீன் கழிவு ஒரு கிலோ, பழுப்புச் சீனி ஒரு கிலோ, மூடி லேசாகத் தளர்த்தி 30 நாள். வடிகட்டி லிட்டருக்கு 2 மில்லி, செடிக்கு அரை லிட்டர், பத்து நாளுக்கு ஒருமுறை. முதல் கொத்துக் காய் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் தழைச்சத்து. வாடை அடங்காமல் ஊற்றினால் பூனையும் உடும்பும் பையைத் தோண்டிப் போடும்.

கடையில் வாங்குபவர்கள் பையின் முகப்பைப் படிக்காமல் பின்புறத்தைப் படிக்கட்டும். "ஆர்கானிக்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே 12-12-12 (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் சதவீதங்கள்) என்றிருந்தால் இரசாயனம் கலந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எருவும் புண்ணாக்கும் மட்டும் சேர்ந்த உரத்தில் நைட்ரஜன் 6, 7 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. இறகுத்தூள், இரத்தத்தூள் இருந்தால் தாண்டும், அதைப் பையில் எழுதியிருப்பார்கள். மலேசியாவில் இயற்கை உரத்துக்கு எம்எஸ் 1517 என்று ஒரு தர விதி இருக்கிறது, அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேப்பம் புண்ணாக்கு நல்ல சரக்கு, நைட்ரஜன் 4 சதவீதத்துக்கு மேல். ஆமணக்குப் புண்ணாக்கும் அதே சத்துதான், ஆனால் வீட்டில் நாய் இருந்தால் வாங்காதீர்கள், அதற்கு அது நஞ்சு. செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாக மலிவாகக் கிடைக்கும். இரண்டரை சதவீதம் நைட்ரஜன் உண்டு. பச்சையாகப் போட்டால் பூஞ்சணம் பிடித்துச் சூடேறும், எருக் குவியலில் சேர்ப்பதே உத்தமம்.

உரத்தால் ஆகாத இரண்டைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பூ மஞ்சளாகிக் காம்போடு உதிர்வது பெரும்பாலும் இரவுச் சூட்டால். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பெரிய பழத் தக்காளிக்கு மகரந்தம் கெட்டுவிடும். கேமரன் மலையில் காய்ப்பது இங்கே காய்க்காததற்குக் காரணம் அந்தக் குளிர், அவர்கள் போடும் உரமல்ல. செரி இரகங்கள் சூட்டைத் தாங்கும், அவற்றை நடுங்கள். இன்னொன்று, பச்சையாக நின்ற செடி ஒரே பகலில் துவண்டு, தண்ணீர் ஊற்றியும் மறுநாள் எழாமல் கிடப்பது. அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல் வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. தரை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் கிருமி அது. தொட்டியில் வளர்ப்பதன் முக்கிய லாபமே இந்த மண்ணிலிருந்து தப்புவதுதான், ஆகவே "கொஞ்சம் தோட்டத்து மண்" கலக்கும் பழக்கத்தை விடுங்கள். பையையும் சிமெண்டுத் தரையிலோ செங்கல் மேலோ வையுங்கள்.

வாடல் வந்த பையை எருக்குழியில் கொட்டாமல் மண்ணோடு கட்டிக் குப்பையில் போட வேண்டும். நோயில்லாத பைகளின் கலவையை அறுவடைக்குப் பிறகு எறிய வேண்டாம். வேரைப் பொறுக்கி, ஒரு பைக்கு 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி உப்பை வடித்து, புதிதாக ஒரு லிட்டர் குலை எரு கலந்தால் இன்னொரு பருவத்துக்கு ஆகும். அதில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் நடாமல் வெண்டையோ கீரையோ போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்